ஊசி பட்ட பிற்பகல்

ஊசி விரலில் இறங்கியது தமயந்திக்கு முதலில் தெரியவே இல்லை. மிஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தாள், பெடலை இன்னொரு மிதி மிதிக்கக்கூடப் பார்த்தாள், அப்புறம்தான் இடது கை ஆள்காட்டி விரல் துணியோடு சேர்ந்து ஊசிக்கு அடியில் நிற்பது கண்ணில் பட்டது. நல்லவேளை, பதறவில்லை. இத்தனை வருஷம் தைத்தவளுக்கு இது புதுசா என்ன. வலது கையால் சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்ல உருட்டினாள், ஊசி மேலே ஏறியது, விரல் விடுபட்டது. ஒன்றுமே இல்லை. ஒரு புள்ளி. அட, இவ்வளவுதானா என்று அவள் மூச்சை விடுவதற்குள் அந்தப் புள்ளி சிவந்து, குண்டாகி, மாதுளை முத்து மாதிரி நகத்தோரம் உட்கார்ந்து மினுங்கியது, அவள் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆசையாக என்றால் ஆசையாகத்தான், தன் ரத்தத்தைத் தானே நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலமாச்சு, எல்லாம் குழாய்க்குள்ளும் மூடி போட்ட சின்னச் சீசாவுக்குள்ளும்தானே போயிற்று, இப்படி வீட்டு வெளிச்சத்தில், மிஷின் பலகைக்கு மேலே, யாரும் பெயர் எழுதி ஒட்டாமல். முத்து தாங்கமாட்டாமல் உருண்டு சந்தனக் கலர் பட்டில், கைக்குழி வெட்டுக்குப் பக்கத்தில், பொட்டென்று விழுந்தது. அடிப் பாவி, ஃபிலோ அக்காவின் பிளவுஸ்! லைனிங் வெட்டியதில் மிஞ்சிய வெள்ளைத் துண்டு ஒன்று மடியில் கிடந்தது, அதை எடுத்து விரலில் சுற்றினாள், சுற்றிச் சுற்றி வலது கை முஷ்டிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், ஏனென்றால் எதிரே கடிகாரம், அதைப் பார்த்தால் எண்ணத் தோன்றும், எண்ணுகிற காரியம் எல்லாம் ஆஸ்பத்திரியோடு போகட்டும். அவர் டியூட்டி முடிந்து வருகிற வரைக்கும் துணியைப் பிரிப்பதில்லை. ரத்தம் நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நிற்கவில்லை என்றால் அது திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அது என்றுதான் இந்த வீட்டில் அதற்குப் பெயர். அது வந்தப்போ, அதுக்கு முன்னாடி, அது போனப்புறம். பிளட் கேன்சர் என்று முழுசாகச் சொன்னது டாக்டரம்மா ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு தடவை, அப்புறம் அந்தப் பெண்ணும் அது என்று சொல்லப் பழகிவிட்டது. போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். மாத்திரை நிறுத்தியாச்சு, வயிற்றில் போடுகிற ஊசி நிறுத்தியாச்சு, தலைமுடி பழையபடி கழுத்துவரை வந்தாச்சு, இடையிடையே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், நாளைக்குக் காலையில் அப்படி ஒரு நாள். அதுவும் வழக்கம்போலப் போயிருக்கும், முந்தாநாள் மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் இருந்திருந்தால். பல் தேய்த்துத் துப்பினாள், வாஷ்பேசினில் நுரையோடு நுரையாக ஒரு ரோஸ் நிறம், குழந்தைகள் தின்கிற பஞ்சு மிட்டாய் கரைந்த மாதிரி. குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பிரஷ் புதுசு, அதனால் இருக்கும், புது பிரஷ் யாருக்குத்தான் குத்தாது. நேற்று விரலாலேயே தேய்த்துவிட்டு, துப்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கும் மூடிக்கொண்டாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷனின் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்தது ஜென்மத்துக்கும் போதும். சொல்லாமல் என்ன செய்தாள்? அவர் வேலைக்குப் போனதும் பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவிப் பவுடர் டப்பாவை எடுத்தாள். அதற்குள்தான் மிஷின் ஊசியைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தார், பஞ்சில் சுற்றி, ஏதோ நகை மாதிரி. கையில் காயம் படக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அப்போதைக்கு, இவரோ மிஷினுக்கே விதவைக் கோலம் கட்டிவிட்டார். ஊசியைப் பொருத்தினாள், நூல் கோத்தாள், அக்காவின் பட்டை விரித்தாள். தைக்கத்தான் உட்கார்ந்தாள். தைக்கத்தானே? கைக்குழி வளைவில் விரலை எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று இந்தக் கைக்குச் சொல்லித்தர வேண்டுமா, கண்ணைக் கட்டிவிட்டாலும் வைக்குமே இந்தக் கை. பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். விட்டுத்தான் போயிருக்கும். விரலுக்குள் விண்விண்ணென்று தெறித்தது.

அப்போதும் ஒரு மத்தியானம்தான், தொடையில் முதல் நீலத்தைப் பார்த்தது. பீரோ முனையில் இடித்திருப்போம் என்று விட்டுவிட்டாள். அடுத்து முழங்கையில், அடுத்து இடுப்பில், எதை இடித்தோம் என்றே தெரியாமல் உடம்பு முழுக்க நீலமும் கருநீலமும். ரத்தக்கட்டு என்றார் அவர். நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மூசாம்பரம் வாங்கி வந்து, வெந்நீரில் குழைத்துச் சுட வைத்து, தன் கையாலேயே பத்துப் போட்டார். எவ்வளவு பொறுமையாகப் போட்டார்! டவுன் பஸ்ஸில் நாள் முழுக்க டிக்கெட் கிழித்த விரல்கள், காசு வாசனை போகாத விரல்கள், மனுஷன் அந்தக் கசப்புப் பிசினைத் தொடையில் தடவி, காயும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவளுக்குக் கூச்சமாக இருக்கும், கூச்சத்தோடு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும், கல்யாணமான புதுசில்கூட இப்படித் தொட்டுக் கவனித்ததில்லையே என்று. உள்ளே அது குடித்தனம் வந்தாச்சு, வெளியே இவர்கள் ரெண்டு பேரும் பத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்புறம் மாடி வீட்டு ஃபிலோ அக்கா, ஸ்கூல் டீச்சர், மோட்டார் போடும் இடத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள், "இங்க பாரு தமயந்தி, மறைக்காம சொல்லு, உன் வீட்டுக்காரர் கை நீட்டுறாரா?" தமயந்தி சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. அடி வாங்குகிறவள் எல்லாம் இப்படித்தான் சிரிப்பாள் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். அன்றிலிருந்து படியில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்புவது என்ன, கதவை அறைவது என்ன. "அந்த டீச்சரம்மா ஏன் என்னைக் கொலைகாரனைப் பாக்குற மாதிரி பாக்குது?" என்று அவர் வந்து கேட்க, அவளும் விளையாட்டுப்போல விஷயத்தைச் சொல்லிவிட்டாள், அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் தூக்கத்துல உதைக்கிறேனா புள்ள?" என்றார் கடைசியில். அன்று ராத்திரியே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அடக் கடவுளே, தன் காலே தன் பெண்டாட்டியை உதைத்துவிட்டது என்று நம்பி, கதவைத் தாழ்போடச் சொல்லிவிட்டு, ஹாலில் படுத்துக்கிடந்தார் அந்த மனுஷன். ஹாலில் படுத்தும் நீலம் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் தலையணை முழுக்க வாயிலிருந்து வழிந்து காய்ந்த ரத்தம், அப்போதுதான் புரிந்தது காரணம் அவர் கால் இல்லை என்று. ஆட்டோவில் போகும்போது அந்தப் பயத்திலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

கீழே இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறுகிறார், அந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து அறையில் உட்கார்ந்துகொண்டது, தூக்கம் வருகிற வாசனை. தூங்கக்கூடாது. தூங்கினால் முஷ்டி தளர்ந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், தூங்கினால் ஏதோ அவிழ்ந்து கொட்டிவிடும் என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கிடந்தாள், தலைக்கு மேலே பைகள், மஞ்சளாக ஒரு பை, எலுமிச்சை ஜூஸ் மாதிரி கலங்கலாக ஒரு பை. ரத்தம் என்றால் சிவப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள், ரத்தத்தை நிறுத்துகிற சமாசாரம் மட்டும் இப்படி மஞ்சளாக இருக்கும் என்று யார் கண்டது. எனக்கு ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டதற்கு அந்த டாக்டரம்மா, சின்னப் பெண்தான், கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னது. "உங்க ரத்தம் உறையாம இல்லைம்மா. உறைய வேண்டாத இடத்துல எல்லாம், உள்ளுக்குள்ளயே, பொடிப்பொடியா உறைஞ்சு தொலைக்குது. அதுலயே உறையவைக்கிற சத்து மொத்தமும் காலி. நெஜமா காயம் படுற எடத்துக்கு அப்புறம் மிச்சமில்ல." தமயந்தி யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்குற நூலை எல்லாம் வேண்டாத இடத்துல ஓட்டித் தீர்த்துட்டு, கடைசில ஹெம்மிங்குக்கு நூல் இல்லாம முழிக்கிற மாதிரியா?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டது. அதேதான் என்றது. நூல் மாதிரிதான், வீணாகப் போன நூல், அவளுக்குள்ளே யாரோ ஒரு தறிகெட்ட தையற்காரி ராவும் பகலும் உட்கார்ந்து தேவையில்லாத இடத்தில் எல்லாம் தைத்துக்கொண்டிருக்கிறாள், ஈரலில் ஒரு தையல், மூளையில் ஒரு தையல், எழுந்துபோடீ என்றால் போகமாட்டேன் என்கிறாள். அவளை விரட்டத்தான் மருந்து. அந்த மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு அவர் வராந்தாவில் போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வெளிறிப்போய் வந்தார், "பாஷாணமாம் தமயந்தி, பாஷாணத்தையா நரம்புல ஏத்துவாங்க?" பாஷாணம்தான், அளந்து கொடுத்தால் அதற்குத்தான் அது பயப்படுமாம். சரி, ஏற்றட்டும் என்றாள். வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்த நாள் ஞாபகம் வந்தது, பாய் தலையணையை எல்லாம் வெயிலில் போட்டுவிட்டு ரெண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்களே, அந்த நாள். அன்றைக்குக் காவிரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது.

அந்த மஞ்சள் பைகள் சும்மா வரவில்லை, அவருடைய பஸ் டெப்போவிலிருந்து வந்தன. டிரைவர்களும் கண்டக்டர்களும் டியூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையிலேயே வந்து படுத்து ரத்தம் கொடுத்தார்கள், மீரான் அண்ணன், இருதயராஜ், பெயர் தெரியாத மெக்கானிக்குகள், கிரீஸ் கறை போகாத கைகள். இப்போது யோசித்தால் ஒரு டெப்போவே அவளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மீரான் அண்ணன் கொடுத்த அன்றைக்கு அவள் கனவில் பஸ் ஓட்டினாள், நிஜமாகவே, ஸ்டியரிங் இவ்வளவு பெரிசு, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, பாலத்தில் ஏறி, எதிரே வருகிறவனை எல்லாம் மீரான் அண்ணன் பாஷையிலேயே திட்டிக்கொண்டு. கண் விழித்ததும் அந்தக் கெட்ட வார்த்தை நாக்கில் அப்படியே இருந்தது, நர்ஸைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்தக் கனவு மாறிப்போயிற்று. பஸ் ரோட்டில் இல்லை, அவளுக்குள் போகிறது, சிவப்பு வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் ஈரச் சுவர், ஜன்னலோரம் யார் யாரோ. அவர் படியில் நின்று விசில் ஊதுகிறார். ஒரு விசில் ஊதினால் நிற்கவேண்டும், இரண்டு ஊதினால் கிளம்பவேண்டும், சின்னக் குழந்தைக்குத் தெரியும், இந்தப் பஸ்ஸுக்குத் தெரியவில்லை. ஒரு விசிலுக்கு ஓடுகிறது. இரண்டு விசிலுக்குப் படுத்துக்கொள்கிறது. ஸ்டாப்பில் கையைக் காட்டிக்கொண்டு கூட்டம் நிற்கிறது, நிற்காமல் போகிறது, நடுப்பாலத்தில் யாருமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது, அவர் ஊதி ஊதிக் கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் வந்து, ஊதிக்கொண்டே இருக்கிறார். கனவுதானே என்று விட்டால், அது அப்படியே பலித்தது. வாயில் ரத்தம் நின்று, அப்பாடா என்று வீட்டுக்குக் கிளம்பலாம் என்கிற சமயத்தில் இடது கால் தூண் மாதிரி வீங்கிக்கொண்டது, உள்ளே ஒரு கட்டி உறைந்துபோய் நடுப்பாலத்தில் நிற்கிற பஸ்ஸாக அடைத்துக்கொண்டது, அது நகர்ந்து நெஞ்சுக்கு வந்தால் அவ்வளவுதான் என்றார்கள். நேற்றுவரை உறைய மருந்து, இன்றிலிருந்து உறையாமல் இருக்க மருந்து. வயிற்றில் தினம் அந்த ஊசி. அவர்தான் போடுவார், போடும்போது அவர் முகத்தைச் சுளித்துக்கொள்வார், வலிப்பது என்னவோ அவளுக்கு. ஓடினாலும் பயம், நின்றாலும் பயம். இப்போதும் பார், துணிக்குள் இது நிற்காமல் போனால் அது திரும்பிவிட்டது, பட்டென்று நின்றுவிட்டாலோ, இவ்வளவு சீக்கிரம் ஏன் நின்றது, இன்னும் எங்கெல்லாம் நிற்கப்போகிறது, காலுக்கா நெஞ்சுக்கா என்று அடுத்த கவலை வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருக்கும். ஒரு சாதாரண மனுஷிக்கு விரலில் ஊசி பட்டால் அவள் என்ன நினைப்பாள்? ஒன்றும் நினைக்கமாட்டாள். ச்சே என்று சொல்லி வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவாள். அந்த ச்சே எவ்வளவு பெரிய சொத்து! அவளுக்கு அழுகை வந்தது, வந்ததை வரட்டும் என்று விட்டாள், துடைக்க இரண்டு கையும் காலியாக இல்லை.

மடியில் பிளவுஸ் கிடந்தது. கண் அந்தப் பொட்டுக்கே போயிற்று. தையற்காரிகளுக்கு ஒரு வித்தை தெரியும், விரலில் பட்டுத் துணியில் ரத்தம் சொட்டினால் தண்ணீரைத் தொடமாட்டார்கள், தண்ணீர் பட்டில் வட்டம் போட்டுவிடும். வெள்ளை நூலைச் சின்ன உருண்டையாகச் சுருட்டி வாயில் போட்டு, தன் எச்சிலிலேயே நனைத்து, ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். அவரவர் ரத்தம் அவரவர் எச்சிலுக்குத்தான் போகும், அடுத்தவள் எச்சிலுக்குப் போகாது என்பார்கள். உண்மையோ பொய்யோ, அவளுக்கு எப்போதும் போயிருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே செய்யவேண்டும், காய்ந்தால் கஷ்டம். நூல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. செய்யேன். செய்வாள், ஆனால் வாயிலிருந்து எடுக்கும்போது நூல் எந்த நிறத்தில் வரும்? அதைப் பார்க்கவேண்டுமே. துப்பும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், நூலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்ற முடியாதே. நாக்கால் ஈறை ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். உப்பாக இருந்ததா? கண்ணீராக இருக்கும். மத்தியானம் தின்ற மாவடுவாக இருக்கும். அக்கா தான் பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவைக்கு இது பிளவுஸ், மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலைகூட வாசித்தாகிவிட்டது, ஊரில் ஆயிரம் தையற்கடை இருக்க, அக்கா இதை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டு, "நீதான் தைக்கணும், எப்ப முடியுதோ அப்பத் தை, இல்லைன்னா நான் பழைய பிளவுஸ்லயே கோயிலுக்குப் போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளே, அது பிளவுஸா, இல்லை அவரைச் சந்தேகப்பட்டதற்கு அக்கா போடுகிற அபராதமா, அல்லது நீ கல்யாணம் வரைக்கும் இருப்பாய் என்று சொல்கிற விதமா. பொட்டு ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது. துணியில் எந்த ரத்தமும் காயத்தான் காயும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முஷ்டிக்குள் கதகதவென்று ஈரமாக இருந்தது. வியர்வையா, மற்றதா. ஆஸ்பத்திரியில் யார் கையைப் பிடித்தாலும் சில்லென்று இருக்கும், அவர் கை மட்டும் சுடும். விடிகாலையில்கூட அவர் கை சுடும், அவளுக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்றால் தினமும் விடிவதற்கு முன்னால், டியூட்டிக்குக் கிளம்பும்போது, அவர் அவள் காலடியில் வந்து குத்துக்காலிட்டு உட்காருவார். சத்தமே வராது. போர்வையை மெல்ல, பால் பாத்திரத்து மூடியைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். செல்போன் லைட்டைக் கையால் மறைத்து மறைத்து, பாதம், கணுக்கால், ஆடுசதை, முழங்கால் என்று பார்த்துக்கொண்டே வருவார், நீலம் இருக்கிறதா, சிவப்புப் பொடி தெறித்திருக்கிறதா. சந்தேகம் வந்தால் ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார், அந்த விரல்தான் சுடும். அவள் அசையமாட்டாள். மூச்சைக்கூடத் தூங்குகிறவள் மாதிரி இழுத்து இழுத்து விடுவாள். பார்த்து முடித்ததும் அவர் விடுகிற பெருமூச்சு ஒன்று இருக்கிறது, அது வந்த பிறகுதான் அவளுக்கு நிஜமான தூக்கம் வரும். போர்வையைச் சரியாகப் போர்த்திவிட்டுப் போய்விடுவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கோ குக்கர் விசில் அடித்தது. ஒன்று. நிற்கவேண்டும் என்று அர்த்தம். அவள் கண் செருகியது. ஈரச் சுவர்களுக்கு நடுவே பஸ் வந்துகொண்டிருந்தது, உள்ளே கூட்டமில்லை, மீரான் அண்ணன் திட்டாமல் ஓட்டுகிறார், ஜன்னலோரத்தில் அந்தத் தறிகெட்ட தையற்காரி மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள், எங்கேம்மா இறங்கணும் என்று படியில் நிற்கிற அவர் கேட்கிறார், அவள் பதில் சொல்லுமுன் படியில் செருப்புச் சத்தம். கனவுப் படி இல்லை, வீட்டுப் படி. தமயந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முஷ்டி தளர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் தளர்ந்திருந்தது? மறுபடி இறுக்கிக்கொண்டாள். அவர்தான். குணசீலன் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார், மூடியில்லாத மிஷினைப் பார்த்து நின்றார்.

"ஊசி ஏது?"

"பவுடர் டப்பாவுல இருந்துச்சு."

அவர் கண் மிஷினிலிருந்து பட்டுக்கும், பட்டிலிருந்து அவள் முஷ்டிக்கும் வந்தது. "கையில என்ன?" அவள் முஷ்டியை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "தமயந்தி, கையில என்னன்னு கேக்குறேன்."

"ஊசி பட்டுடுச்சுங்க."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. அந்த முகம் வந்துவிட்டது, ஜென்மத்துக்கும் போதும் என்று நினைத்தாளே, அதே முகம். அப்படியே அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"நின்னுச்சா?"

"பாக்கலை."

"பாக்கலையா? ஏன் பாக்கலை?"

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க பாருங்க."

அவர் அவள் முஷ்டியைத் தன் மடிக்கு இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவர் கை சுட்டது. துணியின் வெளிச்சுற்று வெள்ளை, வியர்வையில் நனைந்த வெறும் வெள்ளை. பிரிக்கப் பிரிக்க உள்ளே ஒரு பழுப்பு, அடுத்த சுற்றில் கொஞ்சம் பெரிய பழுப்பு, அதற்குள் ஒரு கருஞ்சிவப்பு. தமயந்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று வரவில்லை. அவர் இழுத்தார், துணியோடு விரலும் சேர்ந்து வந்தது.

"ஸ்ஸ்... இழுக்காதீங்க, வலிக்குது."

"வரமாட்டேங்குதே," என்றார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. "ஒட்டிக்கிச்சு புள்ள. காயத்தோட காஞ்சு ஒட்டிக்கிச்சு! இங்க பாரு, சொட்டு ஈரமில்ல."

அவள் பார்த்தாள். நகத்தோரத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு கறுப்பாக, கெட்டியாக, சின்னதாக ஒரு பொருக்கு. எல்லா மனுஷருக்கும் வருகிற பொருக்கு. அவள் அதைத் தொடக்கூட இல்லை. அவருக்கு இப்போதுதான் கோபம் வந்தது, வந்தது பார் அப்படி ஒரு கோபம்.

"புத்தி இருக்கா உனக்கு? நாளைக்கு டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு! ஏதாச்சும் ஆகியிருந்தா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்? அவ்வளவு சொல்லியும் தெரியாத்தனமா விரலை..."

ஆமாம், தெரியாமத்தான் என்கிற பதில் நாக்கு வரை வந்தது. "தெரியாம இல்லைங்க," என்றாள். "நானாத்தான் வெச்சேன்னு நெனைக்கிறேன். பல்லு தேய்க்கிறப்ப சிவப்பா வந்துச்சு, முந்தாநாள். நாளைக்கு அவங்க சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு."

"முந்தாநாள் வந்துச்சுன்னு இன்னிக்குச் சொல்றியா? எங்கிட்டச் சொல்லாம உன்னை நீயே குத்திப் பாப்பியா?"

"நீங்க மட்டும் தினம் விடிகாலைல போர்வையைத் தூக்கி லைட் அடிச்சுப் பாக்குறீங்களே, எங்கிட்டச் சொல்லிட்டா பாக்குறீங்க?"

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ தூங்கிட்டுல்ல இருந்த?"

"காலை ஆட்டாம படுத்துக்கெடக்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உங்களுக்கு? கொசு கடிச்சாக்கூட..."

முடிக்கவிடவில்லை அவர். அவள் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டார், தோள் குலுங்கியது, சட்டைப் பையிலிருந்த விசில் அவள் காலில் அழுந்தியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று குனிந்து பார்த்தாள், இரண்டும்தான். அவள் துணி ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். முடி முழுக்க ரோட்டுப் புழுதி.

"எந்திரிங்க. அக்கா துணில கறை பட்டிருக்கு, எடுக்கணும்."

வெள்ளை நூலைக் கொஞ்சம் இழுத்துப் பல்லால் கடித்து, ஒற்றைக் கையாலேயே உருட்டி வாயில் போட்டாள். நாக்கின் மேல் வைத்துக்கொண்டாள். ஈறோரம் ஒதுக்கினாள். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவர் ஒரு கணம் விழித்தார், அப்புறம் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து செல்போனை எடுத்து லைட்டைப் போட்டார். இந்தத் தடவை கையால் மறைக்கவில்லை.

"எடு," என்றார். "சேந்தே பாப்போம்."

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் தாராளமாக இருந்தது, லைட்டுக்கு அவசியமே இல்லை. அவள் நூலை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளையாகத்தான் இருந்தது.